மூச்சை எண்ணச் சொன்னால் மூச்சே மாறிவிடுகிறது: தரம் 8 பரிசோதனைக்கு உதவி தேவை

கரும்பலகை (செவ்வாய், இரவு 8.40)

கொழும்பில் தமிழ்மொழி மூலம் தரம் 8 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். இன்று சுவாச வீதத்தையும் ஆழத்தையும் அளக்கும் பரிசோதனையை வகுப்பில் செய்தோம். 34 பிள்ளைகள். முடிவுகளைக் கொப்பியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பல விடயங்கள் பொருந்தவில்லை. அனுபவமுள்ளவர்கள் சொல்லித் தாருங்கள்.

முதலில் எல்லாரையும் கதிரையில் அமைதியாக இருத்தி, தமது மூச்சைத் தாமே ஒரு நிமிடம் எண்ணச் சொன்னேன். பாதிக்கு மேற்பட்டோர் 8, 9, 10 என்று எழுதினார்கள். ஒரு பிள்ளை 6. வளர்ந்தவருக்கே ஓய்வில் 12 முதல் 20 வரை இருக்கும்போது, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு 6 எப்படி வரும்?

அடுத்தது ஆழம். ஐந்து லீற்றர் குடிநீர்ப் போத்தல் ஒன்றில் 100 மில்லிலீற்றராக நீர் ஊற்றி, ஒட்டிய தாளில் ஒவ்வொரு முறையும் கோடு போட்டோம். பிறகு பாதி நீரும் பாதி காற்றுமாக அதை அகன்ற தொட்டியில் கவிழ்த்து, இறப்பர் குழாயின் ஒரு முனையைக் காற்றுள்ள பகுதி வரை செலுத்தினோம். பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுமுனை வழியாக மூச்சை இழுத்துவிட, நீர்மட்டம் ஏறி இறங்குகிறது. பார்க்க அவ்வளவு அழகு. உள்ளே இழுக்கும்போது நீர் கோடுகளைத் தாண்டி மேலே வரும், விட்டதும் மெல்லக் கீழே போகும். ஒரு நிமிடத்தில் போத்தலின் உட்புறம் முழுவதும் ஆவி படிந்துவிட்டது.

ஆனால் தொடக்கத்தில் 350 மில்லிலீற்றர் ஏறி இறங்கிய நீர், ஒரு நிமிட முடிவில் 600ஐத் தாண்டியது. பிள்ளை ஓடவில்லை, கதிரையில்தான் இருந்தது. ஏறக்குறைய எல்லாருக்கும் இப்படியே. பதற்றம் என்று எழுதிவைத்திருக்கிறேன், மனம் ஏற்கவில்லை.

கடைசியாக ஒன்று. மூன்று மாடி ஏறி இறங்கி வரச் சொன்னபோது, ஒரு மாணவி ஏறுவதற்கு முன்பே "ஆயத்தம்" என்று வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விட்டிருக்கிறாள். தலை சுற்றி, விரல் நுனிகள் விறுவிறுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சில நிமிடங்களில் சரியாகிவிட்டாள். எனக்குத்தான் இன்னும் நெஞ்சு படபடக்கிறது. நான் எங்கே பிழைவிட்டேன்?

இரவுப்பணி (செவ்வாய், இரவு 9.15)

டீச்சர், முதற்கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். பல வருடங்களாகத் தாதியாக வேலை செய்கிறேன். தன் மூச்சைத் தானே எண்ணும் மனிதன் இயல்பாக மூச்சு விடமாட்டான். இதயத்தை நாம் ஆட்டிவைக்க முடியாது, மூச்சை முடியும். கவனம் அங்கே போனவுடன் அது நம் கைக்கு வந்துவிடுகிறது. உங்கள் பிள்ளைகள் பொய் எழுதவில்லை. அவர்கள் எண்ணிய மூச்சு உண்மையிலேயே 8தான். அது அவர்களுடைய ஓய்வு மூச்சு இல்லை, அவ்வளவுதான்.

விடுதியில் நாங்கள் செய்வது இது: நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்போம். நாடியை எண்ணி முடித்த பிறகும் கையை விடமாட்டோம். அவர் இன்னும் நாடிதான் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்க, கண் மார்பில் இருக்கும். ஏறி இறங்குவது ஒன்று. அப்படியே முழு நிமிடம்.

முழு நிமிடம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். 15 செக்கன் எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சுத் தவறியது நான்கு மூச்சுத் தவறாகிவிடும். 16 என்பது 20 ஆகிவிடும். சிறுபிள்ளைகளுக்கு நியூமோனியா இருக்குமோ என்று பார்க்கும்போது, ஒன்று முதல் ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான சுவாசம். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் என்றால் 50. அந்த எல்லைக்கோட்டில் நிற்கும் குழந்தைக்கு நான்கு மூச்சுத் தவறு சின்ன விடயமா?

ஓய்வுபெற்றவர்\_கொட்டாஞ்சேனை (செவ்வாய், இரவு 10.02)

மகள், உங்கள் பதிவை இரண்டு தடவை வாசித்தேன். "மனம் ஏற்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மனத்தை விட்டுவிடாதீர்கள். அது பதற்றம் இல்லை. நீங்கள் அறியாமலே வேறொரு பரிசோதனையைச் செய்திருக்கிறீர்கள். நீங்கள் செய்ய நினைத்ததைவிட அது பெறுமதியானது.

போத்தலில் இருந்த காற்று எவ்வளவு? இரண்டரை லீற்றர். பிள்ளை அதிலிருந்து இழுத்து அதற்குள்ளேயே விட்டது. வெளிமூச்சில் ஏறத்தாழ 4 வீதம் காபனீரொட்சைட்டு. வெளிக்காற்றில் இருப்பதோ 0.04 வீதம். ஓய்வில் இருக்கும் வளர்ந்தவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறார். பிள்ளைக்குச் சற்றுக் குறையும் என்று வைத்தாலும், இரண்டரை லீற்றர் காற்றுக்குள் அது ஒரு நிமிடத்தில் பல வீதமாக ஏறிவிடும். மூளையின் அடிப்பாகத்தில் நீள்வளைய மையவிழையத்தின் அருகே இதை உணரும் கலங்கள் இருக்கின்றன. காபனீரொட்சைட்டு கூடும்போது அமிலத்தன்மை கூடுகிறது, உடனே "ஆழமாக விடு" என்று கட்டளை போகிறது. ஒட்சிசன் குறைந்ததால் இல்லை, அது அந்த ஒரு நிமிடத்தில் அவ்வளவு குறையாது. நம்மில் பெரும்பாலானோர் ஒட்சிசன் பசிதான் மூச்சை நடத்துகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கழுத்து நாடியருகே ஒட்சிசனை உணரும் சிற்றுறுப்பு இருக்கிறது, உண்மை. அதற்காக 1938இல் ஹேமன்ஸ் என்ற ஆய்வாளருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் சாதாரண நாளில் கடிவாளம் காபனீரொட்சைட்டின் கையில்.

1905இல் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இரு ஆய்வாளர்கள் இதைத்தான் காட்டினார்கள். சுவாசப்பையின் உள்ளே குருதியோடு வாயு பரிமாறும் நுண்ணிய சிற்றறைகளில் உள்ள காற்றில் காபனீரொட்சைட்டின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் 0.2 வீதம் அளவு கூடினாலே சிற்றறைகளுக்குப் போய்வரும் காற்று இரட்டிப்பாகிறது. உங்கள் கோடு போட்ட போத்தலில் 350 என்பது 600 ஆனதை உங்கள் பிள்ளைகள் கண்ணால் கண்டார்கள்.

இன்னொரு கேள்வி. அந்தக் குழாய் எவ்வளவு நீளம், உள்விட்டம் என்ன?

கரும்பலகை (செவ்வாய், இரவு 10.31)

ஐயா, நன்றி. குழாய் ஒரு மீற்றர். உள்விட்டம் ஒன்றரை சென்ரிமீற்றர். ஏன் கேட்கிறீர்கள்?

ஓய்வுபெற்றவர்\_கொட்டாஞ்சேனை (செவ்வாய், இரவு 10.44)

கணக்குப் போட வேண்டாம். நாளை அந்தக் குழாயின் ஒரு முனையைப் பெருவிரலால் அடைத்து, நீர் நிரப்பி, அளவுச்சாடியில் ஊற்றிப் பாருங்கள். பிறகு பேசுவோம்.

காலிமுகக்காற்று (புதன், காலை 6.20)

இப்போதுதான் காலிமுகத்திடலில் நடந்துவிட்டு வந்து இதை வாசிக்கிறேன். இருபது வருடமாகப் பிராணாயாமம் செய்கிறேன். பிள்ளைகளுக்கு வீதத்தை எண்ணச் சொல்வதைவிட, ஆழ்ந்து மெதுவாக மூச்சு விடக் கற்றுக்கொடுக்கலாமே? ஆழ்ந்த மூச்சு உடலில் ஒட்சிசனை நிரப்புகிறது. எனக்கு அறுபத்தெட்டு வயது, தலையிடி என்று ஒரு நாள் படுத்ததில்லை.

ஓய்வுபெற்றவர்\_கொட்டாஞ்சேனை (புதன், காலை 9.05)

நண்பரே, நீங்கள் சொல்வதில் பாதி சரி, பாதியைத் திருத்த வேண்டும். திருத்துவதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியமான மனிதன் சும்மா இருக்கும்போதே அவனுடைய நாடிக்குருதியில் உள்ள ஈமோகுளோபின் ஏறத்தாழ 97, 98 வீதம் ஒட்சிசனால் நிரம்பித்தான் இருக்கிறது. ஆழ்ந்த மூச்சுக்கு அதில் இன்னும் நிரப்ப இடம் இல்லை. உங்களுக்கு நிம்மதி தருவது வேறு ஏதோ, ஒட்சிசன் அல்ல.

சரியான பாதி எது என்றால், மெதுவான ஆழ்ந்த மூச்சு வீண்போகாத மூச்சு. வளர்ந்தவர் ஒரு மூச்சில் எடுக்கும் 500 மில்லிலீற்றரில் ஏறத்தாழ 150 மூக்கிலும் வாதனாளி என்ற மூச்சுக்குழாயிலும் அதன் கிளைகளிலும் தங்கிவிடுகிறது. சிற்றறைக்குப் போகாமலே திரும்பி வருகிறது.

நிமிடத்துக்கு 12 தடவை, தடவைக்கு 500 மில்லிலீற்றர்: மொத்தம் 6000. சிற்றறைக்குப் போனது 12 × 350, அதாவது 4200.

நிமிடத்துக்கு 24 தடவை, தடவைக்கு 250: மொத்தம் அதே 6000. சிற்றறைக்குப் போனது 24 × 100, வெறும் 2400.

உங்களைப் போல் 6 தடவை, தடவைக்கு 1000: மொத்தம் மீண்டும் 6000. சிற்றறைக்குப் போனது 6 × 850, அதாவது 5100.

மூன்று பேரும் ஒரே அளவு காற்றைத்தான் அசைத்தார்கள். வீதத்தை மட்டும் எண்ணி நிறுத்திவிட்டால் இந்த வேறுபாடு கண்ணிலேயே படாது. டீச்சர் போத்தலைக் கவிழ்த்தது வீணில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

காலிமுகக்காற்று (புதன், காலை 9.40)

ஈமோகுளோபின் கணக்கு எனக்குப் புதிது. ஏற்றுக்கொள்கிறேன். 5100 என்ற எண்ணை என் நடைத் தோழர்களிடமும் சொல்வேன்.

கரும்பலகை (புதன், பிற்பகல் 2.10)

குழாயில் நீர் நிரப்பி ஊற்றினேன். அளவுச்சாடியில் 175ஐத் தொட்டு நின்றது. பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு பையன் சொன்னான்: "டீச்சர், அப்படியென்றால் இவள் இழுத்த 350இல் பாதி, இவளே விட்ட காற்றா?" நான் ஒன்றும் சொல்லவில்லை, அவனே விளங்கிக்கொண்டான்.

ஓய்வுபெற்றவர்\_கொட்டாஞ்சேனை (புதன், பிற்பகல் 3.00)

அவனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். 40 கிலோ எடையுள்ள பிள்ளையின் சொந்த வீண்வெளி, அதாவது காற்று சிற்றறைக்குப் போகாமல் தங்கிவிடும் இடம், ஏறத்தாழ 90 மில்லிலீற்றர். அதனோடு குழாயின் 175ஐயும் சேர்த்தால் 265. 350இல் மிச்சம் 85. பிள்ளை ஆழமாக இழுக்காமல் என்ன செய்யும்? நீளமான குழாயைப் பிடித்துக்கொண்டு நீருக்கடியில் மூச்சுவிட முடியாததற்கும் இது ஒரு காரணம்.

இனி, உள்ளிழுப்பது மூக்கு வழியாக வகுப்பறைக் காற்றாக இருக்கட்டும். வெளிவிடுவது மட்டும் குழாய் வழியாக. போத்தல் நிறைய நீரோடு கவிழ்த்து, ஐந்து சாதாரண வெளிமூச்சுகளைச் சேகரித்து ஐந்தால் வகுக்கவும். வாய்முனை ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு வேறாக இருக்க வேண்டும். வாயில் குழாய் இருப்பதே மூச்சைச் சற்று ஆழமாக்கும், அதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பம்பலப்பிட்டி\_அம்மா (புதன், இரவு 8.15)

இந்த இழையை வாசித்து எனக்கு ஒரு வருத்தம் மேலே வந்துவிட்டது. என் மகனுக்குத் தொய்வு இருக்கிறது. வேறொரு பாடசாலை, பெயர் வேண்டாம். சென்ற தவணை இதே பரிசோதனையின்போது அவனைப் பின்வாங்கில் இருத்திவிட்டார்களாம். "நீ சும்மா இரு" என்றார்களாம். வீட்டுக்கு வந்து, "அம்மா, எனக்கு மூச்சுக் கணக்கில் இடமில்லை" என்றான். மூச்சைப் பற்றி அந்த வகுப்பில் அவனளவுக்கு யாருக்குத் தெரியும்? இரவில் எழுந்து உட்கார்ந்து ஒவ்வொரு மூச்சாக எண்ணியவன் அவன். நானும் பக்கத்தில் இருந்து எண்ணியிருக்கிறேன்.

இரவுப்பணி (புதன், இரவு 8.50)

அக்கா, வாசித்ததும் மனம் கனத்துவிட்டது. படியேற வேண்டாம் என்றது சரியாக இருக்கலாம். ஓட்டமும் ஏற்றமும் சில பிள்ளைகளுக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். அதை அவனுடைய வைத்தியர் சொன்னபடி தீர்மானிக்க வேண்டும். ஆனால் அமைதியாக இருந்து எண்ணுவதற்கு என்ன தடை? அவனும் மூச்சு விடும் பிள்ளைதானே. நலமாக இருக்கும் நாளில் அவனுடைய ஓய்வு வீதமும் மற்றவர்களுடையதோடு பலகையில் ஏறலாம். மற்றவர்களுக்கு எண்ணுகிறவனாகவும் அவனை வைக்கலாம், அவனைவிடக் கூர்மையாக யார் எண்ணுவார்?

டீச்சர்மாருக்கு ஒரு வேண்டுகோள்: இன்ஹேலர் பிள்ளையின் பையிலேயே இருக்கட்டும். அலுமாரியில் பூட்டிவைக்காதீர்கள்.

உயர்தரம்\_உயிரியல் (புதன், இரவு 9.30)

அக்காமார், ஐயாமார் எல்லாருக்கும் வணக்கம். நான் உயர்தர மாணவி. இரண்டு விடயம் சொல்ல விரும்புகிறேன்.

நாங்கள் கொப்பியில் எழுதும்போது "உடற்பயிற்சியால் காபனீரொட்சைட்டு கூடுகிறது, அதனால் மூச்சு கூடுகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். ஆனால் படிக்கட்டுக்கு முன் நின்று என் தோழியின் மார்பைப் பார்த்தபோது, அவள் முதற்படியில் கால் வைக்குமுன்பே மூச்சு விரைந்துவிட்டது. தசை இன்னும் எதையும் உண்டாக்கவில்லையே. மூளை முன்கூட்டியே ஆயத்தப்படுத்துகிறது என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். இறங்கி வந்த பிறகும் மூச்சு உடனே தணியவில்லை. ஒட்சிசன் கடன் தீரும்வரை எடுக்கும் நேரம் அது. தரம் 8 தங்கச்சிமாரிடம் ஒவ்வொரு நிமிடமும் எண்ணி வரைபு கீறச் சொன்னால் அந்த இறக்கம் அழகாகத் தெரியும்.

மற்றது சுண்ணாம்பு நீர். வெற்றிலைக் கடையில் வாங்கிய சுண்ணாம்பை நீரில் கரைத்து, ஓரிரவு அடைய விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் வடித்து எடுத்தோம். குழாய் வழியாக ஊதினால் பால்போல் ஆகும். ஓய்வில் ஊதும்போது எடுத்த நேரத்தைவிடப் படியேறி வந்து ஊதும்போது விரைவாகக் கலங்கியது. ஊத மட்டும்தான் வேண்டும், உறிஞ்சக்கூடாது. கண்ணில் படாமலும் கவனம்.

சீவாளி (வியாழன், காலை 7.10)

நான் நாகசுரம் வாசிப்பவன். கொழும்புக் கோயில்களில் வாசித்து வளர்ந்தவன். விஞ்ஞானம் எனக்குத் தெரியாது, ஆனாலும் ஒன்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நாங்கள் ஒரு நீண்ட பிடியில் நிற்கும்போது நிமிடத்துக்கு நான்கு, ஐந்து தடவைதான் மூச்சு எடுப்போம். எடுப்பது கண்ணிமைக்கும் நேரம். விடுவது ஆலாபனை முழுவதும். பழகும் பிள்ளைகள் எல்லாரும் முதலில் நெஞ்சை நிமிர்த்தி நிறைய இழுக்கப் பார்ப்பார்கள். என் குரு வயிற்றில் கை வைத்து, "இங்கே விரியட்டும், தோள் ஏறக்கூடாது" என்பார். அந்தப் போத்தலில் ஊதிப் பார்க்க எனக்கும் ஆசையாக இருக்கிறது.

ஓய்வுபெற்றவர்\_கொட்டாஞ்சேனை (வியாழன், காலை 8.25)

வித்துவானே, உங்கள் குரு கை வைத்த இடத்துக்கு உள்ளே, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்தகடான பிரிமென்றகடு இருக்கிறது. அது சுருங்கித் தட்டையாகும்போது வயிறு முன்னே வருகிறது. ஐந்து லீற்றர் போத்தலில் ஒரே மூச்சில் உங்களால் எவ்வளவு நிரப்ப முடியும் என்று அறிய எனக்கும் ஆசைதான். வளர்ந்த ஆண் ஒருவர் முழுமூச்சாக விட்டால் நான்கிலிருந்து ஐந்து லீற்றர் வரை வரும். அதற்குப் பிறகும் ஒரு லீற்றருக்கு மேல் உள்ளேயே இருக்கும், எவ்வளவு முயன்றாலும் வெளியே வராது. 1846இல் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய வைத்தியர் இதே முறையில், நீருக்குள் கவிழ்த்த பாத்திரம் ஒன்றைக் கொண்டுதான் மூச்சை அளந்து காட்டினார். டீச்சரின் போத்தல் அந்தப் பரம்பரை.

கல்கிசை\_அலை (வியாழன், நண்பகல் 12.20)

மூச்சடக்கும் போட்டி ஒன்றும் வைக்கலாமே? நாங்கள் நீச்சலுக்குப் போகும்போது பத்து, பதினைந்து தடவை வேகமாக இழுத்துவிட்டுத்தான் மூழ்குவோம். அப்போது இன்னும் கூடுதலாக நேரம் அடக்கலாம். பிள்ளைகளுக்கு ஆர்வமாக இருக்கும்.

இரவுப்பணி (வியாழன், நண்பகல் 12.45)

தம்பி, தயவுசெய்து இதை இன்றோடு நிறுத்துங்கள். கோபமாக எழுதவில்லை, பயந்து எழுதுகிறேன். வேகமாக இழுத்து விடும்போது உடலில் ஒட்சிசன் கூடுவதில்லை, காபனீரொட்சைட்டு வெளியேறிவிடுகிறது. மூச்சு எடு என்று தட்டி எழுப்புவதே அதுதான். அது இல்லாதபோது, ஒட்சிசன் தீர்ந்து நினைவு தப்பும்வரை நீருக்கடியில் மூச்சு முட்டுவதே தெரியாது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான் இப்படிச் சத்தமில்லாமல் போய்விடுகிறார்கள்.

டீச்சரின் மாணவிக்கு நடந்ததும் இதன் முதற்படிதான். காபனீரொட்சைட்டு குறைந்ததும் மூளைக்குப் போகும் குருதிக்குழாய்கள் ஒடுங்கும். அதனால் தலைசுற்று. காபனீரொட்சைட்டு குறையும்போது குருதியின் அமிலத்தன்மையும் குறைந்து நரம்புகள் எளிதில் தூண்டப்படும், அதனால் விரல் விறுவிறுப்பு. உட்கார வைத்து மெதுவாக மூச்சுவிடச் செய்தால் சரியாகிவிடும். டீச்சர், அது உங்கள் பிழை இல்லை. அடுத்த முறை தொடங்குமுன்பே "யாரும் வேண்டுமென்று வேகமாக மூச்சு விடக்கூடாது" என்று காரணத்தோடு சொல்லுங்கள்.

கல்கிசை\_அலை (வியாழன், பிற்பகல் 1.05)

அக்கா, எனக்கு இது தெரியாது. இன்று மாலை வரும் தோழர்கள் எல்லாரிடமும் சொல்கிறேன்.

கரும்பலகை (அடுத்த செவ்வாய், இரவு 8.05)

இன்று மீண்டும் செய்தோம். நீங்கள் சொன்னபடியே எல்லாம்.

இருவர் இருவராக இருத்தினேன். "நாடி எண்ணுகிறோம்" என்றுதான் எண்ணப்படுபவருக்குச் சொன்னேன். எண்ணுபவருக்கு மட்டும் காதுக்குள் உண்மை. முழு நிமிடம். 8, 9 எல்லாம் பறந்துவிட்டது. பெரும்பாலும் 16க்கும் 21க்கும் இடையில் நின்றது. பிறகு பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, "எது பொய்?" என்று கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. இரண்டுமே உண்மை என்று கடைசியில் சொன்னவள் முதற்தடவை 6 எழுதிய அதே பிள்ளை.

போத்தலில் வெளிமூச்சு மட்டும். ஒரு மாணவியின் கணக்கைத் தருகிறேன். ஓய்வில் ஐந்து மூச்சு 1600, அதாவது மூச்சுக்கு 320. வீதம் 18. நிமிடத்துக்கு 5760 மில்லிலீற்றர். படியேறி வந்ததும் ஐந்து மூச்சு 4000, மூச்சுக்கு 800. வீதம் 32. நிமிடத்துக்கு 25,600. வீதம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, காற்றோ நான்கு மடங்குக்கு மேல். இதைப் பலகையில் எழுதியபோது வகுப்பில் ஒரு "ஆ" எழுந்தது. இரண்டரை மடங்கு ஆழத்துக்குச் சொந்தம் என்று அவர்களாகவே கண்டுபிடித்தார்கள்.

ஒரு சாதாரண மூச்சில் போய்வரும் காற்றின் அளவைப் பாடநூலில் "வற்றுப்பெருக்குக் கனவளவு" என்று படித்துவிட்டுக் கடப்போம். இன்று ஒரு வெள்ளவத்தைப் பையன், "கடல் மாதிரி" என்றான். கொழும்பில் கடல் வற்றிப் பெருகுவது ஒரு மீற்றருக்கும் குறைவு, கவனிக்காவிட்டால் தெரியாது. இந்தச் சொல்லை உண்டாக்கியவர் கடலைப் பார்த்திருக்க வேண்டும்.

பம்பலப்பிட்டி அக்காவுக்கு: என் வகுப்பிலும் இன்ஹேலர் வைத்திருக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். சென்ற வாரம் அவர்களை நானும் ஒதுக்கித்தான் வைத்தேன். உங்கள் பதிவை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. இன்று இருவரும் ஓய்வு வீதத்தில் சேர்ந்தார்கள், படியேறும்போது நிறுத்தற்கடிகாரத்தோடு நின்று எண்ணினார்கள். அவர்களில் ஒருவன் வந்து கேட்டான்: "டீச்சர், எல்லாருக்கும் ஓய்வில் இழுப்பது குறுகிய நேரம், விடுவது கூடிய நேரம். எனக்குத்தான் அப்படி என்று நினைத்திருந்தேன். ஏன் அப்படி?" நாளை அதைத்தான் எடுக்கப் போகிறேன்.

பம்பலப்பிட்டி\_அம்மா (செவ்வாய், இரவு 8.40)

மகனுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தப் பையன் எண்ணியது எத்தனை என்று கேட்கிறான்.

ஓய்வுபெற்றவர்\_கொட்டாஞ்சேனை (செவ்வாய், இரவு 9.00)

மகள், அவனுடைய கேள்விக்குச் சொற்களால் விடை சொல்லாதீர்கள். இழுப்பது தசையின் வேலை. ஓய்வில் விடுவதற்குத் தசை வேண்டாம், விரிந்த சுவாசப்பை தானாகச் சுருங்கும். மணிச்சாடிக்குள் இரண்டு பலூன், அடியில் இறப்பர்த் தாள். தாளை இழுத்துப் பிடித்து, பிறகு விட்டுவிட்டு, அவனையே பார்க்கச் செய்யுங்கள். உங்கள் ஆய்வுகூடத்தில் மணிச்சாடி இல்லையென்றால் என் வீட்டில் ஒன்று இருக்கிறது. விளிம்பில் சிறு உடைவு, மற்றப்படி நல்லது. யாரையாவது அனுப்புங்கள்.

கரும்பலகை (செவ்வாய், இரவு 9.04)

எங்களிடம் இல்லை ஐயா. நாளைக்கு வேறு பாடத்தை எடுத்துவிட்டுச் சனிக்கிழமை காலை நானே வருகிறேன். அவன் எண்ணியது 31, அக்கா.